அரை மணி நேரம் உட்காருங்க

என் இடது புஜத்தில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. பழைய பத்துப் பைசா அளவு. ஓரம்கூட அந்தக் காசு மாதிரியே நெளிநெளியாக இருக்கும். என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சட்டைக் கையைத் தூக்கி இதே போல ஒன்றிரண்டைக் காட்டுவார். ஆதார் வருவதற்கு நாற்பது வருஷம் முன்பே அரசாங்கம் எங்கள் மேல் குத்திய முத்திரை.

1967 என்று நினைவு. இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வருவார். அவர் வருகிற செய்தி அவரைவிட வேகமாக வரும். பால்காரர் முதலில் பார்ப்பார், அவர் டீக்கடையில் சொல்வார், டீக்கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர ஐந்து நிமிடம். அதற்குள் அவர் வாய்க்கால் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். பெரிய பையன்கள் வைக்கோல் போருக்குள் புகுந்துகொள்வார்கள். எங்களைப் போன்ற பொடிசுகளுக்கு இருந்த ஒரே வழி பள்ளியின் பின்சுவர்.

நான் ஏறிக் குதித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எருக்குழி இருந்ததை மறந்துவிட்டேன். முழங்கால் வரை சாணியோடு என்னைத் தூக்கிவந்து நிறுத்தினார் வாத்தியார். கையை மட்டும் கழுவிவிட்டார்கள். அம்மை குத்துகிறவர் கையில் ஒரு சின்ன எஃகுத் தண்டு. அதன் நுனியில் பல் பல்லாக ஒரு வட்டத் தகடு. தோலில் ஒரு சொட்டு அம்மைப்பால் வைத்து, அதன்மேல் தண்டை அழுத்தி, திருகாணி முடுக்குவதுபோல் ஒரு திருகு. அடுத்த இடத்தில் இன்னொரு திருகு. "போ" என்றார். அவ்வளவுதான். பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். அது என்ன மருந்து, எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லை. கன்றுக்குட்டித் தோலில் வளர்த்து எடுத்தது என்பதும், 1899-லிருந்து நம் மாகாணத்துக்கு அதைத் தயாரித்துத் தந்த கிங் இன்ஸ்டிடியூட் கிண்டியில் இருக்கிறது என்பதும் எனக்கு வாத்தியார் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரியும்.

அப்பாயிக்கு முன்பே தெரிந்திருந்தது. "மாரியாத்தா குடியிருக்குற மண்ணுல, கன்னுக்குட்டி சீழக் கொண்டாந்து புள்ள கையில ஏத்துறானுவளே, வெளங்குவானுவளா?" என்று வாசலில் நின்று கத்தினாள். பிறகு பசுஞ்சாணியைக் கரைத்து என் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். புதுப் புண்ணில் சாணி. ரணஜன்னி வந்து நான் போய்ச் சேராதது அம்மன் அருளா, அதிர்ஷ்டமா என்பதை இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

அப்பாயியின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. பெற்றது ஒன்பது, நின்றது நாலு. போன ஐந்தில் இரண்டைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. அதை அவள் நோய் என்று சொல்லிக் கேட்டதில்லை. "ஆத்தா கூப்பிட்டுக்கிட்டா" என்பாள். ஊசியை இத்தனை கோபத்தோடு எதிர்த்தவள் அந்த நோயைக் கண்ணால் பார்க்காதவள் இல்லை. மடியில் வைத்துப் பார்த்தவள். நோயைப் பார்த்தவர்கள் ஊசிக்கு ஓடிவருவார்கள் என்று இப்போது எழுதுகிறவர்கள் எங்கள் அப்பாயியைப் பார்த்ததில்லை.

நாலாம் நாள் கை வீங்கி, கொப்புளம் கிளம்பி, நல்ல காய்ச்சல். அம்மைப்பால் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். அப்பாயி அதைச் சாவுக்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டு பாடைக் காவடி நேர்ந்துவிட்டாள். வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவில், பிழைத்து எழுந்தவர்களைப் பச்சை மூங்கில் பாடையில் கட்டி, பிணம்போலவே ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். அந்த வருஷம் என்னையும் படுக்க வைத்துத் தூக்கினார்கள். முன்னால் கொள்ளிச் சட்டிகூட உண்டு. தடுப்பூசியின் பக்கவிளைவுக்காகப் பாடை ஏறிய ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில். 1980 மே 8 அன்று உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அப்பாயியிடம் செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். "பின்ன, நேர்ந்துக்கிட்டது சும்மாவா?" என்றாள்.

படிக்காத கிழவி, அப்படித்தான் இருப்பாள் என்று நினைக்க வேண்டாம். 1955-ல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை ஊர் ஊராகப் போட்டபோது, அதை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதியவர் ராஜாஜி. முதல்வர் பதவியை விட்டு இறங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் அவரே ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குச் சமம். பிறகு 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்து அந்த ஊசியைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 1979-ல் முதல் அறிக்கை வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. ராஜாஜி 1972-லேயே காலமாகிவிட்டார். அவர் எதிர்த்தது வேறு காரணத்துக்காக. ஆய்வு சொன்னது வேறு விஷயம். சின்னக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பு தருகிறது என்பது தெளிவாகிவிட்டதால் பிறந்தவுடன் இன்றும் அதைப் போடுகிறார்கள். எதிர்த்தவரை வாயடைக்கவும் முடியவில்லை, ஊசியைத் தூக்கி எறியவும் முடியவில்லை. சந்தேகம் என்றால் இப்படித்தான் லட்சம் பேரை எண்ணிப் பார்த்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. குடும்பக் குழுவில் ஓட்டெடுத்துத் தீர்க்க முடிவதில்லை.

இனி என் முறை. 1990-ல் மகள் பிறந்தாள். நான் அப்போது இடைநிலை ஆசிரியர். அறிவொளி வகுப்பெல்லாம் எடுத்தவன், மூடநம்பிக்கையைப் பற்றிப் பேச்சுப் போட்டிக்கு மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்தவன். கிராம நர்சம்மா ஐஸ் பெட்டியோடு வருவார். கண்ணாடி ஊசிக் குழல், ஸ்டவ்வில் கொதிக்கவைத்த வெந்நீர், ஸ்பிரிட் வாசனை. முத்தடுப்பு ஊசி மூன்று தவணையும் ஒழுங்காகப் போட்டாகிவிட்டது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி. அன்று குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"சளியெல்லாம் ஒரு காரணமில்ல சார், போட்டுரலாம்" என்றார் நர்சம்மா.

"இல்லம்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்." சொன்னது மாமியார் இல்லை, மனைவி இல்லை. நான்தான்.

அடுத்த மாதம் பள்ளியில் தேர்வு. அதற்கடுத்த மாதம் தட்டம்மை வந்துவிட்டது. உடம்பெல்லாம் மணலை வாரித் தூவியது மாதிரி. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, மூன்று தண்ணீர் ஊற்றினோம். டாக்டர் வைட்டமின் ஏ சொட்டு கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது, காதில் சீழ் நிற்க மூன்று மாதம் ஆயிற்று. என் மகள் இன்றும் போனை இடது காதில்தான் வைப்பாள். வலப்பக்கம் நின்று மெதுவாகப் பேசினால் "என்னப்பா?" என்பாள். ஏன் என்று அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, 1995 டிசம்பரில் நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது, கூப்பிடுவதற்கு முன்னால் போய் நின்றேன். பேருந்து நிலையத்தில் மேஜை போட்டு, குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைக்கிற வேலை எனக்கு. தேர்தல் வேலையைவிட இது மேல். ஓட்டுப்போட வந்தவர்கள் யாரும் மேலே எச்சில் துப்பிவிட்டுச் சிரிக்க மாட்டார்கள். எங்கள் வகுப்பில் இளம்பிள்ளை வாதம் வந்த ஒருவன் இருந்தான். கிட்டிப்புள்ளில் எப்போதும் அவன்தான் நடுவர். ஓடவேண்டாத ஒரே வேலை அதுதான். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ யாருக்கும் வரவில்லை. என் பேத்தியின் வகுப்பில் அந்த நடுவர் பதவி காலியாகவே இருக்கும்.

2017 பிப்ரவரிக்கு வருகிறேன். நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். ஓய்வுக்கு ஒரு வருஷம். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி என்று நம் மாநிலத்திலும் கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவுகளிலும் ஒரே நேரத்தில் அறிவித்தார்கள். முந்தின நாள் இரவே வாட்ஸ்அப்பில் ஊசிக்கு எதிராக ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்துவிட்டது. பேசியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அழுதுகொண்டே பேசினார், அது போதும்.

காலையில் பாதிப் பெஞ்சு காலி. விடுப்புக் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி: காய்ச்சல். ஊருக்கே ஒரே ராத்திரியில் காய்ச்சல் என்றால் ஊசி போட வந்தவர்கள்தான் முதலில் பயந்திருக்க வேண்டும். வந்த பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர்கள் கேட்டில் நின்றார்கள். நான் கேட்டைப் பூட்டிக்கொண்டு இந்தப் பக்கம். பின்பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சுவர்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஐம்பது வருஷத்துக்கு முன் நான் குதித்த அதே சுவர். எருக்குழி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கோபுரம். "இறங்குடா" என்றேன். என் குரல் எனக்கே சிரிப்பாக இருந்தது.

கேட்டில் ஒருவர் கேட்டார்: "சார், எதுனா ஒண்ணு ஆச்சின்னா நான் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

நியாயமான கேள்வி. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோனது அவருக்கு நினைவிருந்தது, எனக்கும் இருந்தது. அதற்குப் பிறகு ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். பொடியாக வருகிற மருந்தை அதற்கான நீரில் கலக்க வேண்டும், கலந்த நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும், நாலு மணி நேரத்துக்குமேல் ஒரு சொட்டும் தொடக்கூடாது. தட்டம்மை ஊசியில் ஆபத்து நுழைகிற வாசல் பெரும்பாலும் இதுதான்: தவறான நீர், கடந்துபோன நேரம், சுத்தமில்லாத கை. இதையெல்லாம் அன்று வந்திருந்த நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கேட்டில் வந்து சொன்னேன். யாரும் அசையவில்லை. கடைசியில் சட்டைக் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "எனக்குப் போட்டது, பாருங்க. நல்லாத்தானே இருக்கேன்?"

"அது அந்தக் காலத்து மருந்து சார். ஒரிஜினல்" என்றார்.

அப்பாயி இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது 2024. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேத்திக்கு ஆறு வாரம். அடுத்த புதன்கிழமை ஊசி. தமிழ்நாட்டில் தடுப்பூசிக்குக் கிழமை புதன். ஐந்தடுப்பு ஊசி, நிமோனியா ஊசி, போலியோவுக்கு ஊசியும் சொட்டும், வயிற்றுப்போக்குக்கு ரோட்டா சொட்டு. மூன்று குத்து, இரண்டு சொட்டு. எங்கள் காலத்தில் வாழ்நாளுக்கே இரண்டு திருகுதான்.

மகள் எக்செல் போட்டுவிட்டாள். ஒரு பத்தியில் மருந்து, அடுத்ததில் பக்கவிளைவு, மூன்றாவதில் ஆதாரம். மூன்று ராத்திரி. மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வீடியோவில். குடும்பக் குழுவில் என் தம்பி, கேள்விக்குறியே இல்லாத கேள்விகளாக அனுப்பிக்கொண்டிருந்தான். தனியார் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வராத, "வலியில்லாத ஊசி" இருக்கிறதாமே என்பது என் மனைவியின் கட்சி. இருக்கிறது. காய்ச்சல் குறைவுதான், கக்குவான் இருமலுக்கு எதிரான காப்பும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. முதல் தவணைகளுக்கு வலிக்கிற ஊசியே மேல் என்று குழந்தை மருத்துவர் சங்கமே முன்பு சொல்லியிருந்ததை மகள்தான் தேடி எடுத்தாள். அதே மகள் நள்ளிரவு ஒரு மணிக்கு என்னை எழுப்பினாள்.

"அப்பா, அமெரிக்காவுல ரோட்டா மருந்து ஒண்ண நிறுத்திட்டாங்களாம். குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கிச்சாம்."

உண்மை. 1998-ல் வந்த முதல் ரோட்டா மருந்து. பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு என்ற அளவில் அந்தக் கோளாறு வந்தது கண்ணில் பட்டு 1999-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது நாம் கொடுப்பது வேறு மருந்து. பத்தாயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு வருஷத்துக்குள் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஆறுதலாகப் பட்டது. அவளுக்கு அதுவே பயமாகப் பட்டது. இரண்டு பேரும் படித்தது ஒரே பக்கத்தைத்தான். எங்கள் வீட்டில் சந்தேகம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது; அப்பாயிக்குச் சாணி, எனக்குச் சளி, மகளுக்கு எக்செல். ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன்: மகள் ஒருத்திதான் பதிலையும் தேடினாள்.

இதற்கிடையில் பேத்தியின் இடது கையில் பி.சி.ஜி. போட்ட இடம் சிவந்து, சின்னக் கட்டியாகி, நுனியில் சீழ். மனைவி மஞ்சளை உரசிக்கொண்டு வந்துவிட்டாள். அது எழும்பும், உடையும், ஆறும், தழும்பாகும். எதையும் தடவ வேண்டாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது என்று தடுத்தேன். சாணி தேய்த்த கை சொல்கிறது, கேட்டுக்கொள் என்றேன்.

புதன்கிழமை ஆட்டோவில் போனோம். நர்சுக்கு என் மகளைவிட வயது குறைவு. மகள் போனில் வைத்திருந்த பட்டியலில் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் அந்தப் பெண் குப்பியை எடுத்து நீட்டியது. "இங்க பாருங்கக்கா. வட்டத்துக்குள்ள சதுரம் இருக்கா? சதுரம் வெளுப்பா இருக்கணும். சூடு பட்டா கறுத்துக்கிட்டே வரும். வட்டமும் சதுரமும் ஒரே நிறமாயிட்டா தூக்கிப் போட்டுருவோம்." நகத்தளவு லேபிள். வழியில் எங்காவது ஐஸ் பெட்டி வெயிலில் கிடந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். பழைய கண்ணாடிக் குழல் போய்விட்டது. ஒருமுறை அழுத்தினால் மறுபடி இழுக்க முடியாமல் தானே பூட்டிக்கொள்கிற ஊசி.

"ஒரே நாள்ல மூணு குத்தாம்மா?" என்றாள் மனைவி.

"மூணு நாள் அழறதுக்கு ஒரு நாள் அழட்டுமேம்மா."

இடது தொடையில் ஐந்தடுப்பு, வலது தொடையில் நிமோனியா, வலது கையில் தோலுக்குள்ளேயே போலியோ. வீல் என்று ஒரு கத்தல். மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்தும் அளவும் சொல்லி, தேய்க்காதீங்க, ஒத்தடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் கடைசியாகச் சொன்னது: "அரை மணி நேரம் உட்காந்துட்டுப் போங்க."

அங்கேதான் எங்கள் குடும்பம் கலகலத்தது. "அதான் போட்டாச்சே" என்றாள் மனைவி. அடுப்பில் என்னமோ வைத்துவிட்டு வந்தாளாம். போனில் மாப்பிள்ளை, "மீட்டிங் இருக்கு, வீட்டுக்குப் போய்க் கூப்பிடு" என்றார். மகளின் இடது காதில் போன். வலப்பக்கம் நர்ஸ் சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை, பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மூன்று ராத்திரி பாதுகாப்பைப் பற்றி ஆராய்ந்த குடும்பம் பத்து நிமிடத்தில் கிளம்பத் தயார்.

நான் அவளுடைய இடப்பக்கம் போய் நின்றேன். "உக்காரும்மா" என்றேன். பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில் கடும் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் இந்த அரை மணிக்குள் வரும். அதற்கான அட்ரினலின் அந்த மேஜைமேல் இருக்கிற டப்பாவில் இருக்கிறது, ஆட்டோவில் இல்லை. அவளுடைய எக்செல்லில் எல்லாம் இருந்தது, இந்த வரி மட்டும் இல்லை. உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் மரப்பெஞ்சில். சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்று என் கைக்கடிகாரம் சொன்னது. சுவர்க் கடிகாரத்தையே நம்பினேன். இருபதாவது நிமிடம் பேத்தி தூங்கிப்போனாள்.

பத்தாவது வாரத்தில் ஒரே குத்துதான், மற்றது சொட்டு. தேதியை அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள். ஆட்டோவுக்கு இந்தத் தடவை வெயிட்டிங்கும் சேர்த்துப் பேசிவைத்திருக்கிறேன்.